அழைப்பவர் யார், விளக்கம் சொல்பவர் யார்?

வெவ்வேறு சமயத்தார் உட்கார்ந்து பேசுவதற்குத் தமிழ்நாட்டில் பல பெயர்கள் உண்டு. கல்லூரி அரங்கில் நடந்தால் சமய உரையாடல். மேடை போட்டுப் பொன்னாடை போர்த்தி நடந்தால் மத நல்லிணக்க விழா. வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில், டி.எஸ்.பி. முன்னிலையில் நடந்தால் அமைதிப் பேச்சுவார்த்தை. பெயர் எதுவானாலும், வந்திருப்பவர்கள் எல்லாரும் சமம் என்ற எண்ணத்தில்தான் கூட்டம் தொடங்குகிறது. எண்ணம் நல்லது. ஆனால் வருபவர்கள் சம பலத்தோடு வருவதில்லை. ஒருவருக்குப் பின்னால் ஊரில் முக்கால்வாசிப் பேரும், ஊர்க் கோயிலும், பரம்பரை வழக்கமும் நிற்கின்றன. இன்னொருவருக்குப் பின்னால் முப்பது நாற்பது வீடுகள் மட்டும் இருக்கின்றன.

இந்த ஏற்றத்தாழ்வு பேச்சு சூடு பிடித்த பிறகு உண்டாவதில்லை. கூட்டத்தைக் கூட்டியவர் யார், எந்த இடத்தில் கூட்டினார், எதைப் பற்றிப் பேசச் சொன்னார் என்பவற்றிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. பெரும்பான்மைச் சமயத்தவர் தம் நம்பிக்கையை விளக்க வேண்டிய அவசியம் அநேகமாக வருவதில்லை, அது ஊரறிந்தது. சிறுபான்மையினர் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து விளக்க வேண்டும்: ஏன் ஒலிபெருக்கி, ஏன் தொப்பி, ஏன் ஞாயிற்றுக்கிழமை ஜெபம், பணம் எங்கிருந்து வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பேச்சு முறிந்தால் யாருக்கு என்ன நட்டம் என்பது இருக்கிறது. பெரும்பான்மையினர் எழுந்து போனால் அவர்கள் திருவிழா வழக்கம்போல நடக்கும். சிறுபான்மையினர் எழுந்து போனால், மறுநாள் காலை அதே தெருவில் கடை திறக்க வேண்டும். இது இரு தரப்புக்கும் தெரியும். அதனால் விட்டுக்கொடுப்பது யார் என்பது பெரும்பாலும் பேசாமலேயே தீர்மானமாகிவிடுகிறது.

பெரும்பான்மை என்பதும் எப்போதும் ஒரே ஆட்களைக் குறிப்பதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இந்துக்கள் 87.58 சதவீதம், கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம், முஸ்லிம்கள் 5.86 சதவீதம். அதே கணக்கில் கன்னியாகுமரி மாவட்டத்தை மட்டும் எடுத்தால் இந்துக்கள் 48.65, கிறிஸ்தவர்கள் 46.85. சிறுபான்மையினர் யார் என்பதை மாநில அளவில் பார்க்க வேண்டும் என்று டி.எம்.ஏ. பாய் அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு 2002-ல் சொன்னது. கல்வி நிறுவன உரிமைக்கு அந்த அளவுகோல் போதும். தெருவில் நடக்கும் தகராறுக்குப் போதாது. அங்கே தெருவின் பெரும்பான்மையே பெரும்பான்மை.

அரசவையில் நடந்த வாதங்கள்

சமய வாதம் தமிழருக்குப் புதிதல்ல. மணிமேகலைக் காப்பியம் புகார் நகரின் இந்திர விழாவில் சமய வாதிகளைப் பட்டிமண்டபத்துக்கு அழைக்கிறது. வஞ்சியில் பல சமயக் கணக்கர்களிடம் அவரவர் கொள்கையை மணிமேகலை பொறுமையாகக் கேட்பதற்கென்றே ஒரு காதை இருக்கிறது. கேட்பதற்காகவே ஒரு பெண் சமயவாதிகளைத் தேடிப் போகும் அந்தக் காட்சி, பிற்காலத்துக் கதைகளில் காணக் கிடைக்காதது.

பெரியபுராணம் சொல்லும் மதுரை வாதத்தில் நிலைமை வேறு. பாண்டிய மன்னன் சமணத்தைச் சார்ந்திருக்கிறான், சமணர்களுக்கு அரசவைச் செல்வாக்கு இருக்கிறது. அரசி மங்கையர்க்கரசியும் அமைச்சர் குலச்சிறையாரும் திருஞானசம்பந்தரை வரவழைக்கிறார்கள். அனல் வாதம், புனல் வாதம் எல்லாம் முடிந்து, தோற்ற சமணர்கள் கழுவேற்றப்பட்டார்கள் என்கிறது அந்த மரபு. கழுவேற்றம் உண்மையில் நடந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நடந்ததோ இல்லையோ, தோற்றால் இதுதான் கதி என்று எண்ணிக்கொண்டே சமய வாதத்தைக் கற்பனை செய்த காலம் ஒன்று இருந்திருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூருக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1017-ல் இராமாநுசர் அங்கே பிறந்தார் என்பது மரபு. வைணவ குருபரம்பரை நூல்களின்படி, சிவனுக்கு மேல் தெய்வம் இல்லை என்று எழுதிக் கையெழுத்திடும்படி சோழ மன்னன் ஒருவன் இராமாநுசருக்கு ஆள் அனுப்பினான். அவருக்குப் பதிலாக அவருடைய உடையில் கூரத்தாழ்வான் அரசவைக்குப் போனார். கூரம் காஞ்சிபுரத்தை அடுத்த ஊர். கையெழுத்திட மறுத்த ஆழ்வான் கண்களை இழந்தார், உடன் சென்ற முதியவர் பெரிய நம்பியும் கண்களை இழந்து வழியிலேயே உயிர் விட்டார். இராமாநுசர் வெள்ளை உடையில் மேல்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். அந்தச் சோழன் யார் என்பது இன்றுவரை தீராத கேள்வி, கதை முழுவதும் ஒரு தரப்பு எழுதியது. ஆனாலும் ஓலை முன்கூட்டியே எழுதப்பட்டு, எதிராளியின் கையெழுத்து மட்டுமே பாக்கி இருந்த ஒரு ‘விவாத’த்தின் நினைவை ஒரு சமூகம் இத்தனை நூற்றாண்டு காத்துவந்திருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

கேள்வி கேட்கும் உரிமை

காலனி ஆட்சி வந்ததும் பலம் இடம் மாறியது. தலையெண்ணிக்கையில் சிறியவர்கள் அதிகாரத்தில் பெரியவர்கள் ஆனார்கள். டேனிஷ்காரர்கள் வசமிருந்த தரங்கம்பாடியில் 1706 ஜூலையில் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு தமிழ் கற்றார், சுவடிகள் சேகரித்தார், கோயில்களிலும் சத்திரங்களிலும் ஊராரோடு பேசினார். 1712 முதல் 1714 வரை மிஷன் தரப்பு கேள்விகள் எழுதி அனுப்ப, தமிழர்கள் எழுதிய பதில்கள் 99 கடிதங்களாக ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயின. தெய்வங்கள், திருமணம், மறுபிறவி, சாதி, மருத்துவம் என்று பலதும் அவற்றில் உண்டு. பதில் எழுதியவர்கள் கிறிஸ்தவர்களின் நடத்தையைக் கூச்சமில்லாமல் குறை சொல்கிறார்கள்.

ஆனால் கேள்விகளைத் தேர்ந்தெடுத்தது ஒரே தரப்பு. பதில்களை ஜெர்மனில் மொழிபெயர்த்ததும், அடிக்குறிப்பு எழுதி மறுத்ததும் அதே தரப்பு. தமிழில் எழுதியவர்கள் அந்த அடிக்குறிப்புகளை வாசித்து மறுமொழி சொல்ல வழியே இல்லை. தென்னிந்தியத் தெய்வங்கள் பற்றிச் சீகன்பால்கு 1713-ல் எழுதி முடித்த நூலுக்கும் ஒரு கதி நேர்ந்தது. ஹாலேயில் இருந்த மேலிடம், மிஷனரிகளை அனுப்பியது அந்த மதத்தை ஒழிக்கத்தானே தவிர அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதற்கல்ல என்று கருதி அதை அச்சிட மறுத்தது. நூல் அச்சேறியது 1867-ல், சென்னையில். எதிர்த் தரப்பைக் காது கொடுத்துக் கேட்டவரைச் சொந்தத் தரப்பே அடக்கிவைப்பது பிற்காலத்திலும் பல உரையாடல்களில் நடந்திருக்கிறது.

1893-ல் சிகாகோவில் கூடிய சர்வசமயப் பேரவையும் இதே வரிசையில் வருவது. விவேகானந்தரின் பேச்சால் இந்தியாவில் அது வெற்றிக் கதையாக நினைவுகூரப்படுகிறது. பேரவையை நடத்திய குழுவின் தலைவர் ஜான் ஹென்றி பாரோஸ் பிரஸ்பிட்டேரியன் போதகர். தொடக்க நாளில் எல்லாருக்கும் பொதுவான வேண்டுதல் என்று சொல்லப்பட்டது ஏசு கற்பித்த ஜெபம். கேன்டர்பரி பேராயர் கலந்துகொள்ளவே மறுத்தார், மற்ற மதங்களோடு சரிசமமாக உட்காருவது கிறிஸ்தவத்துக்குப் பொருந்தாது என்பது அவர் வாதம். மூன்றாண்டுகள் கழித்து பாரோஸ் இந்தியாவுக்கு வந்து, கிறிஸ்தவமே உலகச் சமயம் என்ற பொருளில் சொற்பொழிவுகள் ஆற்றினார். அழைத்தவரின் நோக்கமும் வந்தவரின் நோக்கமும் ஒன்றாக இருக்கவில்லை. விவேகானந்தர் அந்த மேடையில் நிலைத்தது அவருடைய பேச்சுத் திறத்தால். விருந்தாளிக்கு அப்படி ஒரு திறமை இருந்தாக வேண்டும் என்பதே ஏற்றத்தாழ்வின் அடையாளம்.

1965 அக்டோபர் 28 அன்று வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் அறிக்கை, மற்றச் சமயங்களில் உண்மையும் புனிதமுமான எதையும் கத்தோலிக்கத் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்றது. குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் 1950-ல் தொடங்கி, பின்னர் பீட் கிரிஃபித்ஸ் பொறுப்பேற்ற சாந்திவனம் என்ற கத்தோலிக்க ஆசிரமம், காவி உடையும் சமஸ்கிருத மந்திரங்களுமாக அந்த வழியில் வெகுதூரம் போனது. அதை எல்லாரும் வரவேற்கவில்லை. காவி உடுத்திய பாதிரியார்களின் ஆசிரமங்கள் மதமாற்றத்தின் புது உத்தி என்று எழுத்தாளர் சீதாராம் கோயல் 1988-ல் ஒரு நூலே வெளியிட்டார். அந்தக் குற்றச்சாட்டை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அதன் அடியில் இருக்கும் மனநிலையைப் புரிந்துகொள்ளாமலும் முடியாது. இந்தியாவில் சிறுபான்மையாக இருக்கும் திருச்சபை உலக அளவில் பெரும் அமைப்பு. உள்ளூரில் பெரும்பான்மையாக இருப்பவர் அதன் எதிரே தம்மைச் சிறியவராக உணர்கிறார். இரு தரப்புமே தம்மைச் சிறியவராக உணரும் கூட்டம் பேச்சுக்கு மிகக் கடினமான கூட்டம்.

மண்டைக்காட்டுக்குப் பிறகு

இரு தரப்புமே தம்மைச் சிறியவராக உணரும் நிலையின் மிக மோசமான விளைவைக் கன்னியாகுமரி மாவட்டம் 1982-ல் கண்டது. மண்டைக்காடு பகவதியம்மன் கோயிலுக்கும் கடலுக்கும் நடுவே கத்தோலிக்க மீனவர் குடியிருப்பு. மாசிக் கொடை விழாவுக்கு வரும் பக்தர்கள் கடலில் குளிக்கப் போகும் வழியும் அதுவே. கோயில் ஒலிபெருக்கிக்கும் தேவாலய ஒலிபெருக்கிக்கும் இடையிலான உரசல், அந்த ஆண்டு பிப்ரவரியில் நாகர்கோவிலில் நடந்த இந்து எழுச்சி மாநாடு, மாவட்டத்தில் யார் கை ஓங்கப்போகிறது என்ற பதற்றம் எல்லாம் சேர்ந்து மார்ச் 1 அன்று வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் இறந்தார்கள். கலவரம் அடுத்த வாரங்களில் கடலோர, உள்நாட்டுக் கிராமங்களுக்குப் பரவியது. நீதிபதி வேணுகோபால் ஆணையம் அமைக்கப்பட்டது.

குன்றக்குடி ஆதீனத்தின் 45-ஆம் குருமகாசன்னிதானம், குன்றக்குடி அடிகளார் என்று தமிழகம் அறிந்தவர், கலவரப் பகுதிக்கு நேரில் போனார். இரு தரப்பாரையும் சந்தித்துச் சமாதானம் பேசினார். பின்னர் பல சமயத்தாரும் சேர்ந்த திருவருட் பேரவையின் வழியாகவும் அந்தப் பணியைத் தொடர்ந்தார். பெரும்பான்மைச் சமயத்தின் மடாதிபதி ஒருவர் தம் இருப்பிடத்துக்கு யாரையும் வரச் சொல்லாமல், பாதிக்கப்பட்ட ஊருக்குத் தாமே போனார் என்பதில் அவருடைய வெற்றிக்கான காரணம் இருக்கிறது. பேச்சு நடக்கும் இடம் மாறும்போது விருந்தோம்புபவர் மாறுகிறார், விளக்கம் சொல்ல வேண்டியவரும் மாறுகிறார். அடிகளாரைப் புகழ்ந்த பல மேடைகள் அவருடைய நல்ல மனதைப் புகழ்ந்தன. அவர் செய்த இந்த இடமாற்றத்தைக் கற்றுக்கொண்டவை குறைவு.

ஏனென்றால் இன்றைய அமைதிப் பேச்சுவார்த்தைக்கு வேறொரு நடைமுறை அமைந்துவிட்டது. புகார் வந்ததும் கோட்டாட்சியரோ தாசில்தாரோ இரு தரப்புக்கும் அழைப்பு அனுப்புகிறார். காவல்துறை அதிகாரிகள் உடனிருக்கிறார்கள். சட்டம் ஒழுங்கு கெட்டுவிடக் கூடாது என்பதே அவர்களது முதல் கவலை. முன்பு 144 என்றும் இப்போது புதிய சட்டத்தில் 163 என்றும் எண்ணிடப்பட்ட தடையுத்தரவுப் பிரிவு எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பேசி முடித்ததும் நடவடிக்கைக் குறிப்பு எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுகின்றன. அதில் அடிக்கடி இடம்பெறும் வரி, ஏற்கெனவே உள்ள வழக்கமே தொடர வேண்டும் என்பது. கேட்பதற்கு நடுநிலையாக இருக்கும் அந்த வரி, முன்பே நிலைபெற்றவருக்குச் சாதகமானது. புதிதாகக் கட்ட நினைக்கும் ஜெபவீடோ பள்ளிவாசலோ அந்த வரியில் தோற்கும். புதுத் தெருவழியாகப் போக விரும்பும் விநாயகர் ஊர்வலமும் அதே வரியில் தோற்கும். ஊரில் புதியவர் பெரும்பாலும் யார் என்பதைப் பொறுத்தே சுமை விழுகிறது.

வழிபாட்டிடம் கட்டும் விதியிலும் இதே நிலை. 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிக் கட்டட விதிகள், பொது வழிபாட்டுக்கான கட்டடத்துக்கு மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்றன. பொது அமைதிக்குக் குந்தகம் வரும் என்று தோன்றினால் ஆட்சியர் மறுக்கலாம். விதி எல்லா மதத்துக்கும் பொது. ஆனால் அமைதிக்குக் குந்தகம் வருமா என்பது அக்கம்பக்கத்தார் கொடுக்கும் எதிர்ப்பு மனுக்களை வைத்தே அளக்கப்படுகிறது. அக்கம்பக்கத்தில் பெரும்பான்மையாக இருப்பவருக்கு மனு போட ஆள் கிடைப்பது எளிது. அமைதியைக் குலைக்கக்கூடியவரின் எதிர்ப்பே, அமைதியாக வழிபட விரும்புபவரின் அனுமதியைத் தடுத்துவிடுகிறது.

இதற்குத் தலைகீழான வழக்கு பெரம்பலூர் மாவட்டம் வி.களத்தூரில் எழுந்தது. அங்கே முஸ்லிம்கள் அதிகம் வாழும் பகுதி வழியாகக் கோயில் ஊர்வலங்கள் போவதற்கு எதிர்ப்பு வந்தது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் என்.கிருபாகரன், பி.வேல்முருகன் அமர்வு, ஒரு பகுதியில் அதிகமாக இருப்பவர்கள் மற்றவர் விழாவைத் தடுக்கலாம் என்று ஒப்புக்கொண்டால், நாட்டின் பெரும்பாலான இடங்களில் சிறுபான்மையினர் எந்த விழாவும் நடத்த முடியாமல் போகும் என்று சுட்டிக்காட்டியது. தெருவளவில் பெரும்பான்மையாக இருந்தவர்களுக்கு எதிரான தீர்ப்பு அது. அதில் சொன்ன காரணம், நாட்டளவில் சிறுபான்மையாக இருக்கும் அதே சமூகத்தைக் காப்பாற்றும் காரணம். எந்த ஊரில் யார் அதிகம் என்று பார்க்காமல் ஒரே அளவுகோலைப் பிடிப்பதால் கிடைக்கும் பலன் இது.

தமிழர் சிறுபான்மையான இடங்கள்

தமிழ் இந்துக்கள் தமிழ்நாட்டில் பெரும்பான்மை. பாக் நீரிணையையோ வங்கக் கடலையோ தாண்டினால் சிறுபான்மை. அந்த அனுபவம் வீட்டுக்குள்ளேயே இருப்பதால், எதிர்ப்பக்கத்து நாற்காலியில் உட்காருவது எப்படியிருக்கும் என்பதைத் தமிழ் வாசகர்கள் மற்றவர்களைவிட நன்றாக அறிய முடியும்.

மலேசியாவில் 1983-ல் பல சமய ஆலோசனை மன்றம் ஒன்று உருவானது. பௌத்தம், கிறிஸ்தவம், இந்து சமயம், சீக்கியம் ஆகியவை அதில் சேர்ந்தன. பின்னர் தாவோயிசமும் அதன் பெயரில் இடம்பெற்றது. நாட்டின் பெரும்பான்மைச் சமயமும் கூட்டரசின் சமயமுமான இஸ்லாம் அதில் இல்லை. 2005-ல் எல்லாச் சமயத்துக்கும் பொதுவான ஆணையம் ஒன்றை அமைக்கும் முயற்சி, முஸ்லிம் அமைப்புகளின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. சிறுபான்மையினர் தமக்குள் எவ்வளவு பேசினாலும் முடிவெடுக்கும் தரப்பு எதிரே உட்காரவில்லை. 2025-ல் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில் சுமார் 130 ஆண்டுப் பழமையான தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயத்தின் நிலம் விவாதமானது. அந்த நிலம் 2014-லேயே ஒரு ஜவுளி நிறுவனத்துக்கு விற்கப்பட்டிருந்தது, நிறுவனம் அங்கே பள்ளிவாசல் கட்ட விரும்பியது. கோயில் சுமார் 50 மீட்டர் தள்ளி இடம்பெயர்வது என்று உடன்பாடானது. கலவரமில்லாமல் முடிந்ததைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் நிலம் கைமாறிய பிறகு தொடங்கிய பேச்சில், எங்கே போவது என்பது மட்டுமே பேசக் கிடைத்த விஷயம்.

இலங்கையில் 1978 அரசியலமைப்பின் 9-ஆம் பிரிவு பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. 2012 கணக்கெடுப்பில் பௌத்தர்கள் சுமார் 70 சதவீதம், இந்துக்கள் 12.6, முஸ்லிம்கள் 9.7. பொது பல சேனா என்ற பிக்குகளின் அமைப்பு ஹலால் முத்திரைக்கு எதிராகக் கிளர்ச்சி நடத்தியபோது, சான்றிதழ் வழங்கிவந்த அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா 2013 மார்ச் 11 அன்று, பிக்குகளும் வணிகத் துறையினரும் உடனிருக்க, உள்நாட்டுப் பொருட்களில் முத்திரை கட்டாயமில்லை என்று அறிவித்தது. நாட்டின் அமைதிக்காக விட்டுக்கொடுப்பதாக உலமா சொன்னது. பொது பல சேனா அதையும் போதாது என்றது. அடுத்த ஆண்டு ஜூனில் அளுத்கமையில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. ஒரு தரப்பு மட்டும் எதையோ கொடுத்த உடன்பாடு எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டியதில்லை.

அடுத்தது இன்னும் வலி மிகுந்தது. 2020 ஏப்ரலில், கொரோனாவால் இறந்தவர்கள் எல்லாரையும் எரிக்க வேண்டும் என்று இலங்கை அரசு வர்த்தமானி வெளியிட்டது. புதைக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லியும், முஸ்லிம் தலைவர்கள் மீண்டும் மீண்டும் மன்றாடியும், கிறிஸ்தவர்கள் சேர்ந்து கேட்டும் பத்து மாதங்கள் எதுவும் மாறவில்லை. பிறந்து 20 நாளான குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது. 2021 பிப்ரவரி இறுதியில் பாகிஸ்தான் பிரதமர் கொழும்புக்கு வந்துபோன கையோடு, ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடியிருந்த நேரத்தில் உத்தரவு திருத்தப்பட்டது. மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. உள்ளூரில் பேச்சு எடுபடாதபோது சிறுபான்மையினர் வெளியுறவைத் தேடுகிறார்கள். வெளியுறவு வந்ததும் அவர்கள்மேல் பெரும்பான்மையினரின் ஐயம் வளர்கிறது. தமிழ்நாட்டில் வெளிநாட்டுப் பணம் பற்றி எழும் கேள்வியும் இதே சுழலில் அகப்பட்டது.

உள்ளே இருக்கும் சிறுபான்மை

சமயப் பிரதிநிதி என்று வந்து உட்காருபவர் தம் சமயத்தில் எல்லாருக்கும் பிரதிநிதியா என்பதும் கேட்க வேண்டியது. தமிழ்நாட்டு மேடைகளில் ஆயர், ஹாஜியார், ஆதீனம் என்று ஆண்கள் அமர்கிறார்கள். தலித் கிறிஸ்தவர்கள் திருச்சபைக்குள்ளும் சிறுமைப்பட்டு, சட்டத்திலும் இழப்புக்கு உள்ளானவர்கள். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கே இருந்தது. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் விரிந்தது. கிறிஸ்தவ, முஸ்லிம் தலித்துகள் வெளியே நிற்கிறார்கள். அந்தத் தகுதியை அவர்களுக்கும் தர வேண்டும் என்று 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஒருவர் தம் நம்பிக்கையை வெளிப்படையாகச் சொன்னால் சான்றிதழ் போய்விடும் என்ற நிலையில், அவரைச் சமய உரையாடலுக்கு அழைப்பது ஒரு வகையில் கொடுமை.

பிள்ளைப்பாக்கத்தின் ஐந்து நாட்கள்

இருங்காட்டுக்கோட்டை, இராமாநுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால், ஒரகடம் என்று விரியும் தொழில் வட்டாரத்தில் பிள்ளைப்பாக்கம் ஒரு சிப்காட் தொழிற்பூங்கா. இந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் தூத்துக்குடிக் கத்தோலிக்கரும், மேலப்பாளையம் முஸ்லிமும், ஒடிசாவின் ஜெகந்நாத பக்தரும், ஜார்க்கண்டின் ஆதிவாசிக் கிறிஸ்தவரும், அசாம் முஸ்லிமும் ஒரே லைனில் நிற்க முடிகிறது. பழைய ஊர்களைப் போல வழக்கம் இது, மாமூல் இது என்று சொல்ல இங்கே பெரியவர்கள் இல்லை. சமயங்களுக்கு இடையிலான பேச்சு இங்கே விடுமுறைப் பட்டியலில் நடக்கிறது.

தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை விடுமுறைகள்) சட்டம் 1958-ல் வந்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் எல்லாருக்கும் விடுமுறை. அவற்றோடு பண்டிகைகளுக்காக ஐந்து நாட்கள். எந்த ஐந்து என்பதை நிர்வாகத்தையும் தொழிலாளர்களையும் கலந்து ஆய்வாளர் குறிப்பிட வேண்டும். கலந்துபேசுவது என்பதைச் சட்டமே சொல்லிவிட்டது. பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, ஆயுத பூஜை, தீபாவளி என்று நான்கை எழுதிவிட்டால் மிஞ்சுவது ஒன்று. அந்த ஒன்றுக்குக் கிறிஸ்துமஸும் ரம்ஜானும் எதிரெதிரே நிற்க வேண்டும். பெரும்பான்மையினரின் நாட்கள் போட்டியில்லாமல் உள்ளே வந்துவிட, போட்டி சிறுபான்மையினருக்குள் மூள்கிறது. சட்டம் சொல்வது குறைந்தபட்சம். கூடுதல் நாட்கள் தரும் நிறுவனங்களும் உண்டு. பொங்கலை மதம் கடந்த தமிழர் திருநாளாகத் தேவாலயங்களிலும் கொண்டாடுகிறார்கள் என்பதால் அதற்கு ஆட்சேபம் வருவதில்லை. ஒடியா தொழிலாளியின் ரத யாத்திரை நாள் பேச்சிலேயே வராது.

ரம்ஜானுக்கும் பக்ரீத்துக்கும் இன்னொரு சிக்கல். பிறை ஆண்டில் நாட்கள் குறைவு, அதனால் பண்டிகை ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினோரு நாள் முன்னே வரும். எந்த நாள் என்பது பிறை பார்த்துத் தலைமை காஜி அறிவித்தால்தான் உறுதி. பட்டியலோ ஆண்டுத் தொடக்கத்திலேயே நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்டுவிடுகிறது. ஒரு நாள் தள்ளிப்போனால் உற்பத்தித் திட்டம் கலையும், மாற்றம் கேட்பவர் தொந்தரவு தருபவராகத் தெரிவார். நாட்காட்டியே ஒரு தரப்பின் நாட்காட்டியாக இருப்பதை யாரும் கவனிப்பதில்லை.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் பல ஆலைகளில் இயந்திரங்களைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் இட்டு, வாசலில் வாழைக்கன்று கட்டிப் பூசணிக்காய் உடைப்பார்கள். பொரியும் பொட்டுக்கடலையும் எல்லாருக்கும் கிடைக்கும். முஸ்லிம், கிறிஸ்தவத் தொழிலாளர்கள் பலரும் மகிழ்ச்சியோடு கலந்துகொள்கிறார்கள், அந்த நட்பு உண்மையானது. இந்தப் பூஜையை யாரும் மத விவகாரம் என்று சொல்வதில்லை, தொழிற்சாலை வழக்கம் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குச் சாப்பாட்டு இடைவேளையை அரை மணி நேரம் தள்ளித் தரும்படி ஒருவர் கேட்டால் அது உடனே மத விவகாரம் ஆகிவிடுகிறது. ஏற்றத்தாழ்வு மிக நன்றாக ஒளிந்திருக்கும் இடம் இது. ஒருவருடைய சமயம் பண்பாடு என்ற பெயரில் கேட்காமலே கிடைக்கிறது. மற்றவருடைய சமயம் சலுகை என்ற பெயரில் கேட்டுத்தான் கிடைக்கிறது.

மத்திய அரசு அலுவலகங்களில் இதற்கு எளிய ஏற்பாடு உண்டு. பொது விடுமுறைகள் போக, நீண்ட பட்டியலிலிருந்து ஊழியர் தாமே இரண்டு நாட்களைத் தேர்ந்தெடுக்கும் வரையறுக்கப்பட்ட விடுப்பு அது. எந்தப் பண்டிகையானாலும், யாரிடமும் தம் மதத்துக்காக வாதாட வேண்டாம். பெரும்பான்மையின் தயவுக்கு விடாமல் சில விஷயங்களைத் தனி மனிதர் கையில் கொடுத்துவிடும் முறை, நீண்ட உரையாடலைவிட அதிகம் சாதிக்கிறது. தொழிற்பூங்காக்களில் ஐந்தோடு சேர்த்து அப்படி இரண்டு நாட்களைத் தருவதற்கு எந்தச் சட்டமும் தடையாக இல்லை.

கலந்துபேச அழைக்கப்படுபவர்கள் பெரும்பாலும் நிரந்தரத் தொழிலாளர்களின் பிரதிநிதிகள். லைனில் பக்கத்திலேயே நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு முதலாளி ஒப்பந்ததாரர், பல இடங்களில் வராத நாளுக்குக் கூலி இல்லை. அசாமிலிருந்து வந்த இளைஞர் பக்ரீத் தொழுகைக்குப் போக வேண்டுமானால், காலை ஷிஃப்டை இரண்டாம் ஷிஃப்டாக மாற்றித் தரும்படி சூப்பர்வைசரிடம் தனியாகக் கேட்க வேண்டும். சூப்பர்வைசர் நல்லவராக இருந்தால் கிடைக்கும். பட்டியல் தயாராகும் முன்பே ஒப்பந்ததாரர்களையும் அவர்களுடைய தொழிலாளர்களையும் அந்தக் கலந்துரையாடலுக்கு அழைப்பதும், ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளும் விதியைத் தமிழோடு இந்தி, ஒடியா, வங்கம், அசாமிய மொழிகளிலும் எழுதி கேன்டீன் வாசலில் ஒட்டுவதும் ஒவ்வோர் ஆலையும் இந்த ஆண்டே செய்யக்கூடியவை.